பூஜையில் வைத்த ஜாமெட்ரி பாக்ஸ்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும் உரிமை எனக்கு மட்டுமே இருந்தது. வருடத்தில் ஒரே நாள், ஆயுத பூஜை அன்று. மானிட்டரின் நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவே சந்தனம், அதன்மேல் குங்குமம். சி.பி.யூ.வுக்கு ஒன்று, மவுஸுக்கு மிளகளவில் ஒன்று. கீபோர்டுக்கு வைத்தால் எழுத்து மறைந்துவிடும் என்று அதற்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தேன். பத்து வயதில் எனக்கு இருந்த ஒரே பதவி அதுதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வேப்பம்பட்டில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று போர்ஷன்கள். முதலாவதில் தனியாளாகப் பெரியப்பா, நடுவில் நாங்கள், கடைசியில் சித்தப்பாவும் சித்தியும். அண்ணன் தம்பி மூவரும் காலையில் ஒரே ரயிலைப் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போவார்கள். அங்கே மூன்று வேறு வேறு கம்பெனிகளில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு மாலையில் எண்ணெய் வாசனையோடு திரும்புவார்கள். பெரியப்பாவின் கம்பெனி ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்தான் எங்களுக்கு வந்தது. மூன்று வீட்டுக்கும் பொது என்று பெரியப்பா அறிவித்தார். மழையில் ஒழுகாத கூடம் எங்களுடையது மட்டும் என்பதால் அது எங்கள் வீட்டில் குடியேறியது.

பொதுச் சொத்துக்கு நேர்வதெல்லாம் அதற்கும் நேர்ந்தது. எல்லோரும் தட்டினார்கள், யாரும் தூசி துடைக்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது கிளம்ப மறுக்கும். பட்டனை அழுத்தினால் திரை கறுப்பாகவே இருக்க, உள்ளே இருந்து பீப் பீப் என்று ஒரே கூப்பாடாக வரும். எக்ஸ்பிரஸ் ரயில் போகும்போது தரை அதிர்வதால்தான் இப்படி ஆகிறது என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு. முதல் தடவை திருநின்றவூரிலிருந்து சர்வீஸ்காரர் வந்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகட்டை உருவினார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, அழிரப்பர் கீதா?" என்றார். என் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தகட்டின் தங்க நிறப் பல் வரிசையை ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகி அமுக்கினார். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. "ரேம்னு பேரு. அது இல்லாட்டி இது கத்திக்கினே கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தடவை அவரைக் கூப்பிடவில்லை. நானே கழற்றினேன், நானே தேய்த்தேன். அன்று முதல் அந்த மெஷினுக்கு டாக்டர் நான்தான். கழற்றிய மூடியைத் திரும்ப மாட்டுவதையே விட்டுவிட்டு அதைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். வெல்டிங் ராடு பிடித்துக் காய்த்துப்போன கைகளைப் பார்த்துக்கொண்டே சித்தப்பா, "எனக்கெல்லாம் இத தொட்டாலே ஒடைஞ்சிடும்மா" என்பார். எனக்குப் பெருமை தாங்காது.

சித்தி மாங்காட்டுப் பெண். கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. நான் பள்ளிவிட்டு வந்ததும் எங்களுக்குள் ஒரு விளையாட்டு நடக்கும். அவள் ஏதாவது ஒன்றை ஒளித்து வைப்பாள். என் ரிப்பன், சாவி, பாதி தின்ற கடலை மிட்டாய், எதுவாகவும் இருக்கலாம். நான் தேட வேண்டும். தேடிக்கொண்டே அவள் முகத்தைப் பார்ப்பேன். சரியான இடத்தை நெருங்கினால் என்னைக் குழப்ப, அங்கே இல்லை என்று தலையை ஆட்டுவாள். அதுதான் அவளைக் காட்டிக்கொடுக்கும். அவள் இல்லை என்று தலையாட்டினால் இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு விதியும் உண்டு. கண்டுபிடித்த இடத்தை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் அந்த இடம் வீணாகிவிடும்.

அந்த வருடம் சித்தப்பாவின் கம்பெனியில் வெல்டிங் பிரிவை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் இருந்தார். பிறகு பூந்தமல்லியில் ஓர் ஏஜென்ட்டைப் பிடித்தார், வளைகுடாவில் வேலை என்றார்கள். போகட்டும் என்று பெரியப்பா முடிவு செய்தார். எங்கள் வீட்டில் முடிவுகள் முதல் போர்ஷனில்தான் எடுக்கப்படும், மற்ற இரண்டு போர்ஷன்களுக்கும் தகவல் வரும்.

சித்தி ஒரே ஒரு முறை வாய் திறந்தது எனக்கு நினைவிருக்கிறது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய அண்ணனும் அப்படி ஓர் ஏஜென்ட் மூலமாகப் போனவர்தான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். நான்கு வருடம் கழித்து இடுப்பு ஒடிந்து திரும்பி வந்து, மாங்காட்டில் கட்டிலிலேயே கிடந்தார்.

"எங்க அண்ணன் போய்ட்டு வந்த கோலத்த எல்லாரும் பாத்தீங்க இல்ல மாமா" என்று கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாருக்கும் அப்டியே ஆயிடுமா? நல்ல காரியம் பேசசொல்ல இன்னாத்துக்கு அத இழுக்கிற?" என்றார் பெரியப்பா.

சித்தப்பா தரையைப் பார்த்தார். சித்தி உள்ளே போய்விட்டாள். சித்தப்பா திரும்பி வரும்போது எனக்குக் கலர் பென்சில் டப்பா வருமா, நடக்கும் பொம்மை வருமா என்பதுதான் அப்போது என் கவலை.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு மாலையில் சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திறந்து கிடந்த சி.பி.யூ.வுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல எத எடுத்தா ஓடாது பாப்பா? ஆனா ஒண்ணும் ஒடையக் கூடாது. திரும்ப வெச்சா பழையபடி ஓடணும்."

என்னிடம் ஒரு பெரியவர் பாடம் கேட்பது அதுதான் முதல் முறை. ரேமை எப்படி விடுவிப்பது, இரண்டு பக்கமும் அதைக் கவ்வியிருக்கும் காதுகளை எப்படி ஒன்றாக அமுக்குவது, தங்கப் பல்லில் கைபடாமல் எப்படிப் பிடிப்பது என்று மூன்று முறை செய்து காட்டினேன். நான்காவது முறை அவளே செய்தாள். தையல் ஊசியில் நூல் கோக்கிற கை அவளுக்கு. என்னைவிடச் சுத்தமாகவே செய்தாள்.

பூஜைக்கு முந்தின சாயங்காலம், "நான் தொடைக்கிறேன், நீ பொட்டு மட்டும் வெச்சா போதும்" என்று சித்தியே துணியை எடுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டரைத் துடைத்தாள். மறுநாள் காலையில் கூடத்தில் எல்லா ஆயுதங்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பெரியப்பாவின் ஸ்பேனர்கள், அப்பாவின் வெர்னியர் அளவுகோல், சித்தப்பாவின் வெல்டிங் கண்ணாடி, அம்மாவின் அரிவாள்மனை, சித்தியின் கத்தரிக்கோல். என் புத்தகங்களை அடுக்கி, உச்சியில் ஜாமெட்ரி பாக்ஸை வைத்து அதற்குச் சந்தனம் இட்டதும் சித்திதான். பொரி, கடலை, சுண்டல் படைத்து, பெரியப்பா கற்பூரம் காட்டினார். நாளைக் காலை வரை எதையும் தொடக்கூடாது என்று வழக்கம்போல் சொன்னார். புத்தகத்தைத் தொடக்கூடாது என்று பெரியவர்களே சட்டம் போடும் நாள் அது ஒன்றுதான் என்பதால், அந்தச் சட்டத்தை நான் பரிபூரணமாக ஆதரித்தேன்.

பதினோரு மணி வாக்கில் ஏஜென்ட்டிடமிருந்து போன் வந்தது. சித்தப்பாவின் மெயிலுக்குக் கடிதம் வந்திருக்கிறது, அதில் இருக்கும் படிவத்தை நிரப்பி இன்று மாலை ஐந்து மணிக்குள் அவருடைய மெயிலிலிருந்தே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார். இன்றைக்குத்தான் வரும் என்று முன்பே சொல்லியிருந்தாராம். அந்த ஊர்க்காரர்களுக்கு நம் பூஜை எப்படித் தெரியும்?

"பூஜைல கீறத எப்டிரா தொடுவ? நாளைக்குக் குடுக்கறேன்னு சொல்லு" என்றார் பெரியப்பா.

"நாளைக்கு வேற ஆளு பூடுவான்ணா" என்று சித்தப்பா சொன்னார். பெரியப்பாவின் பேச்சை அவர் மீறி நான் பார்த்தது அன்றுதான். நேராகப் போய்ப் பட்டனை அழுத்தினார். விபூதிப் பட்டையோடு மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. பீப், பீப், பீப்.

நான் துள்ளி எழுந்தேன். "நான் பாக்கட்டா சித்தப்பா? ரப்பர் போட்டா சரியாயிடும்."

"ஒன் ரப்பர் பூஜைல கீது. உக்காரு" என்று பெரியப்பா அதட்டினார். அவருக்குக் கம்பெனி பூஜைக்கு நேரமாகிவிட்டது. திரும்பி வரும்வரை ஒருத்தரும் கைவைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சித்தப்பா சர்வீஸ்காரருக்குப் போன் செய்தார். ஸ்க்ரூடிரைவரெல்லாம் சாமி முன்னால் இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று அந்த மனிதர் சாந்தமாகச் சொன்னார். அப்பாவின் பைக் சாவியும் பூஜையில் இருந்தது. சித்தப்பாவும் அப்பாவும் நடந்தே ஸ்டேஷனுக்குப் போய், திருநின்றவூரில் பிரவுசிங் சென்டர் தேடப் போனார்கள். மெயிலின் பாஸ்வேர்டு சித்தப்பாவுக்கு ஞாபகம் இல்லை. மெயில் திறந்த அன்று ஏஜென்ட் ஆபீஸில் சொன்னதைத் தினசரி காலண்டரில் அன்றைய தாளில் குறித்து வைத்திருந்தார். மறுநாள் காலை அப்பா வழக்கப்படி அந்தத் தாளைக் கிழித்துவிட்டார். வீட்டுக் கம்ப்யூட்டரில் கேட்காமலே திறந்துகொண்டதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வீட்டில் அம்மா, சித்தி, நான் மூவர்தான். அம்மா அடுப்படியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். சித்தி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவிலுள்ள வாசற்படியில் பொரி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா வருவதற்குள் சரிசெய்து வைத்து அவரை அசத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சி.பி.யூ.வுக்குள் தலையை விட்டேன். ரேம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

ஒரு நிமிடம் திகைத்தேன். பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. சித்தி ஒளித்து வைத்திருக்கிறாள். அதற்காகத்தான் அன்று கேட்டிருக்கிறாள். எனக்கே தெரிந்த பொருளை எனக்கே ஒளித்து வைப்பது எவ்வளவு பெரிய ஆட்டம்! திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆட்டத்தில் அவள் மூஞ்சியை அப்படி வைத்துக்கொள்வது உண்டு.

டிவி ஸ்டாண்டின் கீழே பார்த்தேன், தலையணை உறையைத் தடவினேன். அவள் அசையவில்லை. பாய்ச் சுருட்டலுக்குள் கைவிட்டேன். அப்போதும் அசையவில்லை. பூஜை வரிசையின் பக்கம் திரும்பி, என் புத்தக அடுக்கை நோக்கி ஓர் அடி வைத்தேன். சித்தி தலையை ஆட்டினாள். இல்லை என்று, இரண்டு முறை.

அவ்வளவுதான், எனக்குத் தெரிந்துவிட்டது. ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தேன். காம்பஸையும் டிவைடரையும் காணோம். அவை இருந்த இடத்தில், சித்தியின் கைக்குட்டையில் சுற்றி, ரேம் இருந்தது. பக்கத்திலேயே என் அழிரப்பர்.

"இன்னிக்கு வேணாம் கண்ணு" என்றாள் சித்தி. குரல் மெதுவாக இருந்தது. "பூஜைல கீது. நாளைக்கு நீயே எடுத்துப் போடு."

"சித்தப்பாவுக்கு இன்னிக்கே வேணுமே சித்தி."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "தொட்டுத் தொலைக்கட்டும் வுடும்மா. பாவம், மனுசன் வெயில்ல அலைஞ்சிக்கினு கீறாரு. சாமி ஒண்ணும் சொல்லாது."

சித்தி முறத்திலிருந்த பொரியில் கல் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டாள். பொரியில் கல் இருக்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆட்டத்தில் தோற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது சகஜம்தானே. பழக்கத்துக்கு ரப்பரால் தேய்த்து, ஊதி, ரேமைச் செருகி, இரண்டு பக்கமும் டக் டக்கென்று விழும்வரை அமுக்கினேன்.

மூன்றரை மணிக்கு இருவரும் வந்தார்கள். ஒரு சென்டர் மூடியிருந்ததாம். இன்னொன்றில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பூஜை செய்துகொண்டிருந்தவரைக் கெஞ்சி உள்ளே போனால், பாஸ்வேர்டு தப்பு தப்பு என்று மெயில் விரட்டிவிட்டதாம். சித்தப்பா சட்டையெல்லாம் நனைந்து சுவரோரம் உட்கார்ந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. நான் போய்ப் பட்டனை அழுத்தினேன். பீப் சத்தம் வரவில்லை. திரையில் வெளிச்சம் பரவியது.

சித்தப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். பத்து வயதுப் பெண்ணைத் தூக்குவது சுலபமில்லை, ஆனாலும் தூக்கினார். எப்படிச் சரிசெய்தாய் என்று அப்பா கேட்டார். ரப்பரால் தேய்த்தேன் என்றேன். ஒளித்த இடத்தைச் சொல்லக்கூடாது என்ற விதியை நான் மறக்கவில்லை. சித்தியைப் பெருமையோடு பார்த்தேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு தன் போர்ஷனுக்குப் போய்விட்டாள். ஐந்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கையில் மெயில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம் சித்தப்பா விமானம் ஏறினார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார், ரேம் டாக்டர் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். ஒன்பதாவது மாதம் ஒரு டாங்க்குக்குள் இறங்கி வெல்டிங் செய்தபோது மூச்சு முட்டி இறந்துபோனார். அவரோடு இறங்கிய இன்னொருவரும் இறந்தார். உடல் வந்துசேர ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் அங்கிருந்து வந்த ஆங்கில மெயில்களைத் திறந்து, தெரிந்தவரை படித்துச் சொன்னது நான்தான். வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான் ஒருத்திதானே. கம்ப்யூட்டர் அந்த நாட்களில் ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்ததுண்டு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னார், "ஆயுத பூஜ அன்னிக்கு, வாணாம் வாணாம்னு சொல்லியும், சாமிகிட்ட வெச்சத எடுத்துச்சு. அதான் இப்டி வந்து முடிஞ்சிகீது." போ என்று முடிவு செய்தவர் அவர். அந்தப் பாரத்தைத் தூக்கி எங்காவது இறக்கி வைக்காமல் அவரால் நடமாட முடிந்திருக்காது. அருகில் இருந்தது என் தோள்தான். இன்று எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, அன்று பயம்தான் இருந்தது.

"கொழந்த மேல பழிய போடாதீங்க மாமா. அவ மேல ஒண்ணும் இல்ல" என்று சித்தி சொன்னாள். காரியம் நடந்த அந்த நாட்களில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முழு வாக்கியம் அது ஒன்றுதான். மறு வாரம் அவளை மாங்காட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

நான் பெரியப்பா சொன்னதையே நம்பினேன். வருடக்கணக்கில் நம்பினேன். அழிரப்பரைத் தொட்டாலே கை கூசும். ஆயுத பூஜை வந்தால் ஒன்றையும் தொடாமல் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். சாமியிடம் நான் கேட்ட மன்னிப்புக்குக் கணக்கில்லை. தவறான குற்றத்துக்கு அத்தனை மன்னிப்பு.

இப்போது ஆவடியில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். சென்ற வருடம் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றும் அறியாதவள்போல் வந்து கேட்டாள்: "மிஸ், இதுல எத எடுத்தா ஓடாது? ஆனா ஒண்ணும் ஆகக் கூடாது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரீட்சை வேண்டாமாக்கும் என்று அவள் காதைப் பிடித்தேன். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. ஓட வேண்டாம், ஆனால் உடையவும் வேண்டாம் என்று ஒருவர் எதற்காகக் கேட்பார்? ஒரு நாள் தள்ளிப்போனால் போதும் என்பதற்காகத்தானே. மெயில் வரும் நாள், எவர் கையிலும் ஸ்க்ரூடிரைவர் ஏறாத ஒரே நாள் என்பதைச் சித்தி பார்த்து வைத்திருந்தாள். எவரும் தொடத் துணியாத ஓர் இடத்தையும் பார்த்து வைத்திருந்தாள். மறுநாள் காலையில் ஜாமெட்ரி பாக்ஸை முதலில் திறப்பது நானாகத்தான் இருக்கும், திறந்தால் வெளியே சொல்லமாட்டேன் என்று என்னை நம்பியிருந்தாள். அந்த வீட்டில் அவள் நம்பியது என்னை மட்டும்தான்.

மாங்காட்டில் சித்தி தையல் கடை வைத்திருக்கிறாள். போனால் காபி போட்டுக் கொடுப்பாள், என் பெண்ணுக்குப் பாவாடை தைத்துத் தருவாள். அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆனால் அந்த மதியம் இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆட்டத்தில் தலையாட்டும்போது சிரிப்பு வெளியே வராமல் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அன்று உதட்டைக் கடிக்கவில்லை. முறத்தின் விளிம்பை இறுகப் பிடித்ததில் அது சாய்ந்து, பொரி ஒன்றிரண்டாகத் தரையில் சிந்திக்கொண்டிருந்தது. அடுப்படியில் அம்மா இருந்ததால் காரணத்தை அவளால் வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. நான் பாக்ஸை எடுக்கும் முன் வேண்டாம் என்று என்னிடம் சொல்ல அவளிடம் இருந்தது அந்தத் தலையாட்டல் ஒன்றுதான். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, அவளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.